தங்கக் குடை என் குதிரை இல்லை

பிப்ரவரி 26, செவ்வாய்

மினிபஸ் கதவு இன்றும் பாதியில் சிக்கிக்கொண்டது. மோங் காக் நிறுத்தத்தில் பதினாறு பேரும் என்னை முறைத்தார்கள், கதவைச் செய்தவனே நான்தான் என்பதுபோல. ஒரு பெரியவர் குனிந்து வெளியே போகும்போது, "டிரைவர், அடுத்த தடவை ஜன்னல் வழியா இறக்கி விட்டுடுப்பா" என்றார். பதில் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. ஐம்பத்தொரு வயதாகிறது, நாக்கை அடக்கக் கொஞ்சமாவது பழக வேண்டாமா.

வேலை முடிந்து ஃபுங் அக்கா கடைக்குப் போனேன். ஷாம் ஷுய் போவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் செருப்புத் தைக்கிற கடை. அக்கா உட்கார்ந்தால் வந்தவன் நிற்க வேண்டும். அவளுக்குப் பின்னால் கூரை வரைக்கும் ஷூ பெட்டிகள். வாடிக்கையாளர்கள் அதிலெல்லாம் ஷூ இருப்பதாக நினைக்கிறார்கள். இருப்பது குதிரைகள். ஒரு குதிரைக்கு ஒரு அட்டை. ஷா டின் பந்தயத் திடலில் ஓடுகிற அத்தனை குதிரைக்கும் அவளிடம் அட்டை உண்டு.

நான் போனபோது மடியில் யாருடைய ஷூக் குதிகாலோ, ஆணிகளுக்கு நடுவில் நிற்கவைத்த போனில் போன ஞாயிற்றுக்கிழமை ரேஸ். சத்தம் கிடையாது. சத்தம் இருந்தால் முன்னால் ஓடுகிற குதிரையைத்தான் கண் பார்க்குமாம்.

"இதப் பாரு தம்பி. ஏழாவதா வருதே, பழுப்பு."

பார்த்தேன். ஏழாவதாக வந்த பழுப்புக் குதிரை எனக்கு ஏழாவதாக வந்த பழுப்புக் குதிரையாகத்தான் தெரிந்தது.

"வளைவு பூரா வெளியில மூணாவது ஆளா ஓடுச்சு. மத்ததுங்கள விட எவ்வளவு தூரம் அதிகம் ஓடிருக்கும் சொல்லு. நேர் பாதைக்கு வந்ததும் கால மாத்துச்சு பாத்தியா? இடைஞ்சல் இருந்தும் மாத்துச்சு. இது நல்ல பிள்ள."

வலப்பக்கமாக வளையும் பாதையில் வலது காலை முன்வைத்து ஓடுகிற குதிரை, நேர் பாதைக்கு வந்ததும் இடது காலுக்கு மாற வேண்டும். மாறாதது கடைசி நூறு மீட்டரில் களைத்துவிடும். எனக்கு இதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முப்பது வருஷமாகத் தேய்ந்த அடிகளைப் பார்த்துப் பார்த்து, மனிதன் எங்கே அழுத்தி நடக்கிறான் என்று கண்டுபிடிக்கிறவள், குதிரைக்கும் அதையே செய்கிறாள்.

பிப்ரவரி 27, புதன்

கதவைச் சரிசெய்துவிட்டார்களாம். இப்போது மூட மறுக்கிறது.

மார்ச் 1, வெள்ளி

ஞாயிறு பந்தயச் சீட்டுக்கான திட்டம் இன்று. நாங்கள் மூன்று பேர்: அக்கா, நான், தெருமுனை டீக்கடை ஃபாய். மூன்று பேரும் சமமாகப் போட்டு ட்ரிபிள் ட்ரியோ ஆடுகிறோம். மூன்று பந்தயம், ஒவ்வொன்றிலும் முதல் மூன்று குதிரைகளைச் சொல்ல வேண்டும். அந்த மூன்றும் எந்த வரிசையில் வந்தாலும் சரி. எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆறு வருஷத்தில் இரண்டு தடவைதான் மூன்றும் பொருந்தியிருக்கின்றன. ஊரில் பாதிப் பேருக்கு ஆயுசுக்கும் ஒரு தடவைகூடப் பொருந்தாது.

ஃபாய்க்கு எல்லாக் குதிரையும் வேண்டும். "இந்த ஆறையும் போடுங்கக்கா, அந்த எட்டையும் சேத்துக்குவோம். எதுக்கு வம்பு?"

"எல்லா இடத்துலயும் பயந்தா உன் கடைய வித்துத்தான்டா சீட்டு வாங்கணும்" என்றாள் அக்கா. "எங்க தைரியம், எங்க பயம்னு மொதல்ல முடிவு பண்ணு. அதுக்கப்புறம் குதிர."

இதுதான் அவள் வழி. ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு குதிரையைத் தூணாக வைப்பாள். அது முதல் மூன்றுக்குள் வந்தே தீர வேண்டும், வராவிட்டால் சீட்டு செத்தது. அதனுடன் நான்கு துணைக் குதிரைகள். அந்தத் தூணைத் தேர்ந்தெடுக்க அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் மூன்று டீ குடித்துவிடுவேன். அன்று பாதையின் வேலியை எங்கே நகர்த்திப் போட்டிருக்கிறார்கள், எந்தக் குதிரை எந்தக் கேட்டிலிருந்து புறப்படுகிறது, எந்த ஜாக்கி ஆரம்பத்திலேயே துரத்துவான் — எல்லாம் பார்ப்பாள். பிறகு அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு ஜோடி ஷூவுக்கு அடி ஒட்டுவாள். மறுபடி எடுத்துப் பார்க்கும்போதும் அதே குதிரை பிடித்திருந்தால்தான் அது தூண்.

முழுச்சீட்டு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பத்தில் ஒரு பங்கு வாங்குவோம், ஜெயித்தாலும் பத்தில் ஒரு பங்கு.

போகும்போது பார்த்தேன், இந்த வாரமும் பேப்பருக்கு ஒரு கடிதம் ஒட்டி வைத்திருக்கிறாள். ரேஸ் பக்கத்து ஆசிரியருக்கு. எட்டு வருஷமாக எழுதுகிறாள்: அடுத்த வாரம் எந்தக் குதிரையைக் கவனிக்க வேண்டும், ஏன். ஒரு பதிலும் வந்ததில்லை.

"விட்டுத் தொலைங்கக்கா" என்றேன்.

"என் பேர ஒரு தடவ அந்தப் பக்கத்துல பாத்துட்டு விடுறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் தபால்தலையை ஒட்டி அதைக் கட்டைவிரலால் நீவிய விதத்தைப் பார்த்தால் சிரிப்பு விஷயமாக இல்லை.

மார்ச் 3, ஞாயிறு

எங்கிருந்து தொடங்க.

காலை ஷிப்ட் முடிந்ததும் அக்கா பந்தயத்துக்கு ஒன்றாக எழுதி வைத்த மூன்று அட்டையை வாங்கிக்கொண்டு பந்தயக் கடைக்கு ஓடினேன். சீட்டை எழுதுவது எப்போதும் என் வேலை. பென்சிலால் கட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டிருக்கும்போது டிப்போவிலிருந்து போன், கதவு பற்றித்தான். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், கையில் பென்சில். எழுதிக் கொடுத்துவிட்டு ஃபாயின் கடைக்கு வந்து அன்னாசி பன் தின்றுகொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன்.

முதல் பந்தயம், முதல் மூன்றும் அக்கா சொன்ன ஐந்துக்குள்ளேயே வந்தன. இரண்டாவதில் தூண் அந்தப் பழுப்பு, ஏழாவதாக வந்த நல்ல பிள்ளை. நாற்பதுக்கு ஒன்று என்ற விலையில் நின்றது, ஒருவனும் சீண்டவில்லை. அது கடைசி இருநூறு மீட்டரில் காலை மாற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஜெயித்தது. அதன் பின்னாலேயே துணைக் குதிரைகளில் இரண்டு. கடையே எழுந்து நின்றது. ஃபாய் ஒரு ஆளின் நூடுல்ஸில் டீயை ஊற்றிவிட்டான்.

அப்போதுதான் சீட்டை எடுத்து மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். தூண் 7. துணைக்கு 1, 12, 3, 5.

அக்காவின் தூண் தென்காற்று. தென்காற்று ஏழு இல்லையே. அட்டையை எடுத்தேன். தென்காற்று — கேட் எண் 7, குதிரை எண் 2.

அட்டையில் அக்கா இரண்டு வரிசை எழுதுவாள், குதிரை எண்ணும் அது புறப்படும் கேட் எண்ணும். எப்போதும் குதிரை எண்தான் முன்னால். இன்றைக்கு மூன்றாவது பந்தயத்தில் கேட்தான் எல்லாம் என்பதால் அதை முன்னால் எழுதி, மேலே "கேட்" என்று வேறு எழுதியிருக்கிறாள். நான் அதை அப்படியே பார்த்து எழுதிவிட்டேன். ஐந்தும் யாரோ பெற்ற குதிரைகள். அக்கா ஒதுக்கித் தள்ளியவை.

ஃபாயிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவன் ஏற்கெனவே பட்டாசு வாங்குகிற முகத்தோடு இருந்தான்.

பந்தயம் ஓடியது. முன்னால் போன இரண்டு குதிரைகளும் ஒன்றையொன்று விடாமல் துரத்திக்கொண்டு போய் நேர் பாதையில் செத்தே போயின. வெளியிலிருந்து ஒரு குதிரை வந்தது. 12. தங்கக் குடை. இரண்டாவது 7. மூன்றாவது 3.

திரையையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஃபாய் என் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கினான். பிறகு அவன் போட்ட கூச்சலை எழுத எழுத்து இல்லை.

அதே நேரம் அக்காவிடமிருந்து போன்.

"போச்சு தம்பி. தென்காற்று நாலாவது. தப்பு என்மேலதான், முன்னாடி போறதுங்க இவ்வளவு வேகமா போகும்னு நெனைக்கல. ஃபாய் கிட்ட சொல்லு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"அக்கா, ஜெயிச்சுட்டோம்."

"எந்தக் கடையில குடிச்ச?"

சொன்னேன். கேட் எண்ணை எழுதியதை, போன் வந்ததை, எல்லாவற்றையும். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். யாரோ வாடிக்கையாளர், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்பதுகூடக் கேட்டது.

மார்ச் 4, திங்கள்

பணம் வந்துவிட்டது. என் பங்கில் மூன்று மாத வாடகையை அடைக்கலாம். என் மனைவி சுய்லான் மூன்று தடவை எண்ணிவிட்டு, "இனிமே எல்லா வாரமும் தப்பாவே எழுது" என்றாள்.

சாயங்காலம் ஃபாயும் நானும் வாத்து வறுவல் வாங்கிக்கொண்டு அக்கா கடைக்குப் போனோம். தனக்கென்று ஒரு தையல் இயந்திரம் பார்த்து வைத்திருக்கிறாளாம், தடித்த தோலையும் வெண்ணெய் மாதிரி தைக்குமாம். வாத்துக் காலைக் கடித்துக்கொண்டே அதைப் பற்றித்தான் பேசினாள். ஃபாய் நடுவில் ஒரு குண்டைப் போட்டான்.

"அக்கா, என் மச்சினன் பேப்பர் ஆபீஸ்ல லாரி ஓட்டுறான்ல? அவன்கிட்ட சொன்னேன். தங்கக் குடைய பிடிச்ச பொம்பள எங்க தெருவுலதான் இருக்கான்னு. அவன் போய் ரேஸ் பக்கத்து பூன் சார் காதுல போட்டுட்டான். வியாழக்கிழமை உங்கள பாக்க வராராம். உங்களுக்கு வாராவாரம் எழுத எடம் குடுக்கறதா பேச்சு."

அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். பூன் சார் என்பவர்தான் அந்த எட்டு வருஷக் கடிதங்களையும் பெற்றுக்கொண்டவர்.

மார்ச் 6, புதன்

அக்கா முடி வெட்டிச் சாயம் போட்டிருக்கிறாள். கடையின் முன்னால் இருந்த பழைய அட்டைப்பெட்டிகளையெல்லாம் எடுத்துப் போட்டுத் துடைத்திருக்கிறாள். அவளை நான் இப்படிப் பார்த்ததில்லை.

ஃபாயும் நானும் சேர்ந்தே போனோம். நான்தான் பேச்சை எடுத்தேன். "அக்கா, நாளைக்கு அவர் தங்கக் குடைய பத்திக் கேட்டா, சும்மா தலைய ஆட்டிடுங்க. முதல் ரெண்டு பந்தயமும் உங்க மூளைதானே? மூணுல ரெண்டு உண்மை. போதாதா?"

"காச வாங்கிட்டீங்கல்ல?" என்றான் ஃபாய். "அத மட்டும் எப்படி வாங்கினீங்க?"

அக்கா ஊசியில் மெழுகு தேய்த்துக்கொண்டே சொன்னாள். "காசு தெருவுல கெடந்தாலும் குனிஞ்சு எடுத்துக்குவேன். எனக்கு வெக்கமே கெடையாது. பேரு அப்படி இல்லடா. அந்தக் குதிரைய நான் வேண்டாம்னு எழுதி வச்சிருக்கேன். வேண்டாம்னு எழுதின குதிரைக்கு நான் எப்படி அம்மாவாக முடியும்?"

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்கு அட்டை இருக்கே."

அவ்வளவுதான். வெளியே வந்ததும் ஃபாய் என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நீங்க எண்ண ஒழுங்கா எழுதித் தொலச்சிருந்தா இந்த வம்பே இல்ல." ஒழுங்காக எழுதியிருந்தால் பணமும் இல்லை, பூன் சாரும் இல்லை என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவளை அந்தப் பக்கத்து வாசலில் கொண்டு நிறுத்தியதும் என் தப்புதான், அதே வாசலில் அவள் காலை வாரப்போவதும் அதே தப்புதான். தூக்கம் வராது இன்றைக்கு.

மார்ச் 7, வியாழன்

லீவு போட்டுவிட்டுப் போனேன்.

பூன் சார் ஒல்லியான ஆள், நல்ல தோல் ஷூ. அக்கா முதலில் ஷூவைத்தான் பார்த்தாள். ஃபாய் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

"தங்கக் குடைய எப்படிம்மா பிடிச்சீங்க?" என்றார் அவர். "எங்க ஆபீஸ்ல எட்டு பேர் ரேஸ் எழுதுறோம். ஒருத்தனும் அது பேரக்கூட எழுதல."

ஃபாய் அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் கூப்பினான். நானும் அக்காவின் முகத்தையே பார்த்தேன். ஒரே ஒரு தலையசைப்பு. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். எட்டு வருஷத் தபால்தலைக்குக் கூலி.

"நானும் எழுதலியே சார்" என்றாள்.

எழுந்து, மூன்றாவது வரிசையில் இருந்த பெட்டியிலிருந்து அட்டையை உருவி அவரிடம் கொடுத்தாள். அவர் வாய்விட்டுப் படித்தார். "நேர் பாதையில் காலை மாற்றுவதில்லை. கடைசி நூறு மீட்டரில் நிற்கும். வேண்டாம்."

"அப்ப ஜெயிச்சது?"

"முதல் ரெண்டு பந்தயம் நான். மூணாவது இவன்." என்னைக் காட்டினாள். "இவனும் இல்ல, இவன் அவசரம். குதிரை எண்ணுக்குப் பதிலா கேட் எண்ண எழுதிட்டான். முன்னாடி போன ரெண்டும் சண்ட போட்டு செத்ததால இது வந்துச்சு. தங்கக் குடை என் குதிரை இல்ல சார்."

பூன் சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்புதான். "செருப்புக்கடை அம்மா தங்கக் குடைய பிடிச்ச கதையப் போடலாம்னு வந்தேன். இத எப்படிம்மா போடுறது?" டீயைக் குடித்தார், பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார், போனார்.

அக்கா அட்டையைப் பழைய இடத்தில் செருகிவிட்டு, "இடது குதிகால் வெளிப்பக்கம் தேஞ்சிருக்கு. முதுகு வலி இருக்கும் அந்த மனுஷனுக்கு" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்படியும் ஒரு பொம்பளையா? ஒரு தடவ தலைய ஆட்டினா கழுத்தா சுளுக்கிடும்? வீட்டுக்கு வந்து சுய்லானிடம் கொட்டினேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே, "நீயா இருந்தா ஆட்டிருப்ப" என்றாள். ஆமாம். ஆட்டியிருப்பேன். அதனால்தான் நான் ஒரு அட்டைகூட எழுதியதில்லை.

மார்ச் 10, ஞாயிறு

பூன் சாரிடமிருந்து ஒன்றும் இல்லை. சீட்டு தோற்றது.

மார்ச் 17, ஞாயிறு

தங்கக் குடை இன்று பேவரைட். ஊரே அதன்மேல் கட்டியிருந்தது. கடைசி நூறு மீட்டரில் நின்றது. பதினோராவது.

அக்காவுக்குப் போன் செய்தேன். "பாத்தேன்" என்றாள். நானாக இருந்தால் மாடி ஏறிக் கத்தியிருப்பேன்.

மார்ச் 19, செவ்வாய்

இரண்டு நாள் யோசித்துவிட்டு இன்று செய்தேன். அக்காவிடம், "ஒரு பெட்டி குடுங்கக்கா, டிப்போவுல சும்மா இருக்கும்போது படிக்கறேன்" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் நான் படிக்கக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஆனாலும் கொடுத்தாள். மூன்றாவது வரிசைப் பெட்டி, நானே காட்டிக் கேட்டது.

நேராகப் பேப்பர் ஆபீஸுக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் ஷூ டெலிவரி என்று நினைத்து, "கீழ லிஃப்ட் பக்கத்துல வைங்க" என்றாள். இல்லை, இதைப் பூன் சார் கையில்தான் கொடுப்பேன் என்று நாற்பது நிமிஷம் உட்கார்ந்தேன். வந்தார். "நீங்கதானே அந்த அவசரம்?" என்றார்.

"ஆமா சார். அந்த அவசரம்தான். தங்கக் குடை அட்டைய மறுபடி எடுத்துப் பாருங்க. அப்புறம் மத்த அட்டைங்களையும் பாருங்க. அக்காவுக்கு நான் இங்க வந்தது தெரியாது. பெட்டி மட்டும் பத்திரம், அத தொலச்சா நான் அந்தத் தெருப்பக்கம் போக முடியாது."

திரும்பி வந்ததும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். இன்னொரு விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட என்னால் முடியாது.

"என் குதிரைங்களத் தூக்கிட்டுப் போய் எவன்கிட்டயோ குடுத்துட்டு வந்திருக்க" என்றாள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னாள். அது வரைக்கும் நல்லது.

மார்ச் 26, செவ்வாய்

பூன் சாரே பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். ராத்திரி இரண்டு மணிவரை படித்தேன் என்றார். இருநூற்றுப் பதினாறு அட்டை. அவர் எண்ணியிருக்கிறார், நாங்கள் எண்ணியதில்லை.

"எது வரும்னு எழுத எங்கிட்ட எட்டு பேர் இருக்காங்கம்மா. எது வராதுன்னு எழுத ஒருத்தர் இல்ல. ஊரே கட்டுற குதிரைய ஏன் விடணும்னு வாரம் ஒண்ணு எழுதுங்க. நாலு வாரம் பாப்போம். ஞாயித்துக்கிழமை, மூலையில சின்னதா. சம்மதமா?"

அக்கா அவரை உட்காரச் சொன்னாள். இடது ஷூவைக் கழற்றச் சொன்னாள். குதிகாலுக்குப் புது அடி ஒட்டி, காசு வாங்காமல் அனுப்பினாள். சம்மதம் என்று வாயால் சொன்ன மாதிரி எனக்கு ஞாபகமில்லை.

அவர் போனதும் பெட்டியைப் பழைய இடத்தில் ஏற்றி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "டீ குடிக்கறியா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மார்ச் 31, ஞாயிறு

அவள் பெயர் அச்சில். லாவ் ஃபுங்யீ, செருப்புத் தைப்பவர். வலப்பக்க மூலை, பஸ் டிக்கெட் அளவு. ஃபாய் பத்துப் பேப்பர் வாங்கிக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டான். விட வேண்டிய குதிரை: ராஜவீதி. நேர் பாதையில் காலை மாற்றுவதில்லை.

மாலை ராஜவீதி இரண்டு குதிரை நீளத்தில் ஜெயித்தது. காலை மாற்றிக்கொண்டு.

ஃபாய் ஒன்பது பேப்பரைக் கிழித்துவிட்டான். ஒன்றை மட்டும் கழிவறைக் கதவில் விட்டுவைத்திருக்கிறான், அங்கே யாரும் படிக்க மாட்டார்களாம்.

ஏப்ரல் 1, திங்கள்

இன்று வண்டியில் ஒருவர். முன் சீட், என் பக்கத்தில், கண்ணாடி போட்ட பெரியவர், கையில் மடித்த ரேஸ் பக்கம். அக்கா எழுதியதை நம்பி நேற்று ராஜவீதியை விட்டுவிட்டாராம். மோங் காக்கிலிருந்து கடைசி நிறுத்தம்வரை விடாமல் திட்டினார். "செருப்புத் தைக்கறவளுக்கு எதுக்குய்யா குதிர? நான் போய் அவளுக்குச் செருப்புத் தச்சுக் குடுக்கவா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்குய்யா என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கியரை மாற்றினேன். அவர் பணத்தைத்தானே அவர் விட்டார்.

அக்கா கடையில் போன் மறுபடி ஆணிகளுக்கு நடுவில். ராஜவீதி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். எத்தனையாவது தடவை என்று கேட்டேன்.

"இருபது இருக்கும். பூன் சார் போன் பண்ணாரு. அடுத்த வாரம் வேற ஏதாவது குதிரைய பத்தி நல்லா காரமா எழுதுங்க, ஜனங்க மறந்துடுவாங்கன்னாரு."

"சரியாத்தானே சொல்றாரு."

"நீ கொஞ்சம் நகரு, வெளிச்சம் மறைக்குது."

நகர்ந்தேன். அவள் திரையை நிறுத்தி, மூக்கு அதில் முட்டும் அளவுக்குக் குனிந்து ஜாக்கியின் தோளைப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்தாள். எதையாவது கண்டுபிடித்தால் மட்டுமே அவள் கீழுதட்டைக் கடிப்பாள். கடித்தாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

காலை முதல் டிரிப். ஏழு மணிக்கு அதே பெரியவர், அதே முன் சீட், கையில் இன்றைய பேப்பர். நான் வாங்கிப் படித்திருக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

பச்சை விளக்குக்குக் காத்திருக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். வலப்பக்க மூலை. அவர் விரல் அங்கேதான் இருந்தது.

"இத என்னன்னு கேளேன்" என்றார் என்னிடம். வண்டியில் அவரும் பின்னால் ஒரு அம்மாவும்தான். வாய்விட்டுப் படித்தார்:

"போன வாரம் ராஜவீதி வராது என்று எழுதினேன். வந்துவிட்டது. நான் குதிரையின் காலையே பார்த்தேன். ஜாக்கி மாறியிருந்ததைப் பார்க்கவில்லை. புது ஆள் வளைவு முடிவதற்கு முன்பே தன் உடம்பை இடப்பக்கம் சாய்த்து, குதிரையைக் காலை மாற்ற வைத்தான். அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அவன் இதற்கு முன்பு இரண்டு குதிரைகளில் இதையே செய்திருக்கிறான், என் அட்டைகளில் இருக்கிறது. தவறு என்னுடையது. என் பேச்சைக் கேட்டு விட்டவர்களுக்கு வருத்தம் தெரிவிக்கிறேன். இந்த வாரம் விட வேண்டியது—"

அங்கே நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி முதலிலிருந்து வாய்க்குள் படித்தார்.

"நாப்பது வருஷமா இந்தப் பக்கம் படிக்கறேன்ப்பா. எட்டு பேர் எழுதறானுங்க. தோத்தா மழைம்பானுங்க, ஜாக்கிம்பானுங்க, வேலிம்பானுங்க. தப்பு என்னுதுன்னு ஒருத்தன் எழுதி நான் பாத்ததில்ல."

"ம்" என்றேன்.

"யாருப்பா இந்த அம்மா?"

சொல்லியிருக்கலாம். என் அக்கா மாதிரி, தினமும் பார்க்கிறேன், அவள் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போனவனே நான்தான் என்று. "ஷாம் ஷுய் போவுல இருக்காங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, பந்தயப் பட்டியலில் ஒரு குதிரையைக் கோடு போட்டு அடித்தார். பேவரைட். அவள் விடச் சொன்னது. பிறகு அந்த மூலையைச் சுற்றி நிதானமாகக் கிழித்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மிச்சப் பேப்பரை, எல்லாரும் செய்வதுபோல, சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினார்.

நான் வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் அவர் நடந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்ததில், பின்னால் அந்த அம்மா, "இறங்கணும், இறங்கணும்னு எத்தன தடவ கத்தறது, காது செவிடா?" என்றது இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் கேட்டது.